இல்லத்துள் பூத்த மலர்கள்



நான் வாழும் மயிலம், திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு சிறு குன்றின் அடியில் அமைந்த ஊர். குன்றின்மேல் முருகன் கோயில் விளங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து சில கல் தொலைவில் திருவக்கரை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த மரங்கள் அவை என்பர். அவற்றைக் காண வெளியூர்களிலிருந்து பலர் வந்து வியந்து செல்கின்றனர். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு நேர்மாறானது. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டு மடியும் சிறு செடிகளைப் பற்றியும், அவற்றை மனிதன் தன் இல்லத்திற்குள் கொண்டுவந்து பூக்கவைக்க முயன்றதைப் பற்றியும் பேசப் போகிறேன்.

'இதுவும் ஒரு வரலாறா?' என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மன்னர் போரிட்டதும் எல்லை மாறியதும் மட்டுமே வரலாறு அல்ல. ஒரு பூந்தொட்டி வீட்டிற்குள் வந்து நிலைபெறுவதற்குச் சட்டமன்றத்தில் ஒரு வரியை நீக்கவேண்டியிருந்தது. கண்ணாடியின் விலை குறையவேண்டியிருந்தது. கடல்கடந்து விதை வரவேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால், பூந்தொட்டியின் வரலாறு என்பது வீட்டிற்குள் ஒளி வந்த வரலாறே என்பது விளங்கும்.

முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். வீட்டிற்குள் செடி வளர்க்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. திருமணத்தில் பாலிகை வைத்தலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறு மண்கிண்ணங்களில் மண்ணும் எருவும் இட்டு, நவதானியங்களை ஊறவைத்துத் தெளித்து முளைக்கச் செய்வது அது. கோவலன் கண்ணகி திருமணத்தைக் கூறும் சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிலேயே பாலிகையும் முளைக்குடமும் ஏந்திய மகளிர் வருகின்றனர். சிற்றூர்களில் அம்மன் திருவிழாக் காலத்தில் எடுக்கப்படும் முளைப்பாரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. முளைப்பாரியை வெயில்படாத ஓர் அறையில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பர். மாலையில் பெண்கள் கூடிக் கும்மியடிப்பர். ஏழு முதல் பத்து நாளில் முளைகள் ஒரு சாணுக்குமேல் உயர்ந்து, வெளிறிய மஞ்சள் நிறத்தோடு அடர்ந்து நிற்கும். பிறகு அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்று குளத்திலோ ஆற்றிலோ கரைத்துவிடுவர்.

இதைப் போன்றதொரு வழக்கம் பண்டைக் கிரேக்க நாட்டிலும் இருந்தது. ஏதென்சு நகரத்துப் பெண்கள் கோடையில் அடோனிசு என்னும் இளைஞனின் பெயரால் விழா எடுத்தனர். உடைந்த மட்பாண்டங்களில் கோதுமை, வாற்கோதுமை, சோம்பு, கீரை ஆகியவற்றை விதைத்துக் கூரைமேல் வைத்தனர். அவை விரைந்து முளைத்து, விரைந்தே வாடின. வாடியவற்றை நீரில் விட்டனர். எட்டு நாளில் கண்ணுக்கு அழகாகித் தோன்றும் இத்தோட்டத்தை அறிவுள்ள உழவன் தன் விளைநிலமாகக் கொள்ளமாட்டான் என்னும் கருத்தைத் தத்துவஞானி பிளாட்டோ தம் உரையாடல் நூலொன்றில் எடுத்தாள்கிறார்.

இருட்டறையில் வைத்த முளைப்பாரி பத்து நாள் செழித்து நிற்பது எவ்வாறு? விதைக்குள் தாய்ச்செடி சேமித்து வைத்த உணவு இருக்கிறது. அந்தச் சேமிப்பைச் செலவிட்டே முளை உயர்கிறது. ஒளியைத் தேடி உயர்வதால்தான் தண்டு மெலிந்து நீள்கிறது. பச்சையம் உண்டாகாமையால் வெளிறிக் கிடக்கிறது. சேமிப்புத் தீர்ந்தவுடன் அதன் வாழ்வும் முடிகிறது. ஆகவே, முளைப்பதற்குச் சேமிப்பு போதும். பூப்பதற்கு வருவாய் வேண்டும். அவ்வருவாய் ஒளியிலிருந்தே வரவேண்டும். முளைப்பாரியைக் கரைக்கும் நாளை வகுத்த நம் முன்னோர் இந்த அளவை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

பூக்கவேண்டுமெனில் வெயில் வேண்டும். வீட்டிற்குள் வெயிலுக்கு எங்கே போவது? பழைய தமிழ் இல்லத்தில் இதற்கு விடை இருந்தது. அதுவே முற்றம். வீட்டின் நடுவே வானம் தெரியும்படி திறந்துவிட்ட சதுரத்தில் வெயிலும் மழையும் நேராக இறங்கின. சுற்றிலும் தாழ்வாரம், முற்றத்தில் துளசி மாடம். புதுச்சேரியின் தமிழ்த் தெருக்களில் திண்ணையும் முற்றமும் கொண்ட இத்தகைய வீடுகள் சிலவற்றை இன்றும் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் நடுவே முற்றம் உடையதே. இத்தகைய வீட்டில் செடி வளர்க்கக் கண்ணாடி வேண்டியதில்லை. ஞாயிறு தானே வீட்டிற்குள் வந்து போயிற்று.

ஆயினும் ஒன்றை மறைத்துப் பேசுதல் முறையன்று. முற்றம் வைத்து வீடு கட்ட இயன்றவர் சிலரே. எங்கள் வட்டாரத்துச் சிற்றூர்களில் பெரும்பாலோர் கூரை வேய்ந்த ஒற்றை அறைக் குடிசைகளிலேயே வாழ்ந்தனர். சன்னல் இல்லாத குடிசைகள் மிகுதி. குனிந்து நுழையவேண்டிய வாயிலே ஒளி வரும் ஒரே வழி. உள்ளே அடுப்புப் புகை. அங்கு வாழ்ந்தோரும் பூவை விரும்பாமல் இல்லை. ஓட்டைப் பானையில் ஒரு செண்டுமல்லியை நட்டு வாயிலுக்கு வெளியே வைத்தனர். வெளியே வைத்தற்குக் காரணம், உள்ளே அது பிழைக்காது என்பதே. செடி பிழைக்காத அவ்விருளில்தான் பிள்ளைகள் படித்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இனி, குளிர்நாட்டிற்குச் செல்வோம். இங்கிலாந்திலும் பிரான்சிலும் முற்றத்தைத் திறந்து வைத்தால் பனியும் குளிரும் உள்ளே வரும். ஆகவே அவர்கள் நம்பியிருந்தது சன்னலையே, சன்னலுக்குக் கண்ணாடியையே. 18-ஆம் நூற்றாண்டின் இடையில் மிக்னோனெட் என்னும் சிறு பூச்செடி வடஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. பிரஞ்சு மொழியில் அப்பெயர் 'சிறு செல்லம்' என்னும் பொருள்படும். பூ பார்ப்பதற்கு எளியது. பச்சையும் மங்கிய மஞ்சளும் கலந்தது. ஆனால் அதன் மணம் மிக இனிமையானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன், பாரிசு நகரங்களின் மாடிச் சன்னல்களில் இச்செடி தொட்டி தொட்டியாக வளர்க்கப்பட்டது. சாக்கடை நாற்றமும் நிலக்கரிப் புகையும் நிறைந்த தெருக்களில், ஒரு பருவமே வாழும் இச்செடி மக்களுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் சன்னல் எல்லோருக்கும் கிட்டியதா? இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. 1696-ஆம் ஆண்டில், மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் சன்னல் வரி விதிக்கப்பட்டது. வீட்டில் எத்தனை சன்னல் என்று எண்ணி வரி வாங்கினர். செல்வரிடமிருந்து மிகுதியாக வாங்கலாம் என்பதே நோக்கம். நடந்தது வேறு. பல ஏழைக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக வாடகைக்கு இருந்த பெரிய கட்டடம், வரிக்கணக்கில் ஒரே வீடாகக் கொள்ளப்பட்டது. வரியைக் குறைக்க எண்ணிய உரிமையாளர் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். காற்றும் ஒளியும் இழந்தவர் உள்ளே குடியிருந்த ஏழையரே. இதன்மேல் கண்ணாடிக்குத் தனியே ஒரு வரியும் இருந்தது. கண்ணாடி வரி 1845-இலும் சன்னல் வரி 1851-இலும் நீக்கப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டில் பகல் வெளிச்சம் விலைக்கு விற்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அவ்வாறு அடைக்கப்பட்ட சன்னல்களை அந்நாட்டுப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம்.

இக்காலத்தே இலண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர் வாழ்ந்தார். ஏழைகள் நிறைந்த வட்டாரம் அது. தோட்டம் போடுவதில் அவருக்குப் பெருவிருப்பம்; ஆனால் புகை செடிகளைக் கொன்றது. 1829-ஆம் ஆண்டில், விட்டில் பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சியைக் காத்திருந்தவர், மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்ததைக் கண்டார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. வெளியே தெருப்புகையில் மடிந்த செடி, மூடிய புட்டிக்குள் வாழ்ந்தது. இதிலிருந்து பிறந்ததே 'வார்டு பெட்டி' எனப்படும் கண்ணாடிப் பெட்டி. 1833-இல் செடிகளை ஏற்றிய இரு பெட்டிகள் ஆசுத்திரேலியாவுக்குக் கப்பலில் சென்றன. செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. பின்னர்ச் சீனத்துத் தேயிலைச் செடிகள் இந்தியாவுக்கு வந்ததும், தென்னமெரிக்கச் சிங்கோனாச் செடிகள் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரிக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளின் துணையால்தான். பேரரசுகள் இப்பெட்டியால் பெரும்பொருள் ஈட்டின. வார்டு தம் நூலை 1842-இல் வெளியிட்டபோது, ஏழையரின் வாழ்க்கை நிலையை உயர்த்த இப்பெட்டி பயன்படுமாற்றை ஆராய்வதற்கும் அதில் இடம் ஒதுக்கினார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

அவ்வெண்ணம் வீண்போகவில்லை. 1860-ஐ அடுத்த ஆண்டுகளில் இலண்டனின் புளூம்சுபரி வட்டாரத்தில், ஹேடன் பார்க்சு என்னும் சமயப் பணியாளர் ஏழைக் குடும்பங்களுக்காகப் பூந்தொட்டிக் கண்காட்சிகளை நடத்தினார். ஒற்றை அறையில் வாழ்வோர் தம் சன்னலில் வளர்த்த செடியைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்துப் பரிசு பெற்றனர். மக்களுக்குரிய சன்னல் தோட்டங்களைப் பற்றி 1864-இல் அவர் ஒரு நூலும் எழுதினார். சன்னல் வரி நீங்கிப் பதின்மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. திறக்கப்பட்ட சன்னலில் முதலில் வந்து நின்றவற்றுள் பூந்தொட்டியும் ஒன்று.

இது நிற்க. இவ்வாறு சன்னல் தேடிய செடிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்ப்போம். நம் வீட்டுக் கொல்லையில் தானே முளைக்கும் காசித்தும்பை இந்நாட்டுச் செடி. அது ஐரோப்பா சென்று, இங்கிலாந்தின் கண்ணாடி மனைகளில் தொட்டிகளிலே வளர்க்கப்பட்டது. ரோசாவைப் போல் இதழ் அடுக்கிய வகைகள் அங்குப் பெருமையோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. நாம் வேலியோரத்தில் விட்டதை அவர்கள் வரவேற்பறையில் வைத்தனர். மறுபுறம், நாம் நம்முடையவை என்று கருதும் சில பூக்கள் அயல்நாட்டவை. கோயில் மாலையில் இடம்பெறும் செண்டுமல்லி மெக்சிகோ நாட்டுச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பின்னரே கீழ்நாடுகளுக்கு வந்தது. வாடாமல்லி நடு அமெரிக்காவைச் சேர்ந்தது. பெட்டூனியா தென்னமெரிக்கச் செடி. அது புகையிலைக்கு உறவு. அப்பெயரே புகையிலையைக் குறிக்கும் அந்நாட்டுப் பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்தது. சீனியா என்பதும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. செருமானிய நாட்டுக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, 32 வயதை எட்டும் முன்பே 1759-இல் மறைந்த யோகான் சின் என்பவரின் நினைவாக லின்னேயசு இட்ட பெயர் அது. சின் தாவரம் அறிந்தவர். அதனினும் மேலாக, மனிதக் கண்ணின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர்.

இவை தமிழகத்துக்கு வந்து பரவத் தோட்டங்கள் துணைபுரிந்தன. எங்கள் ஊருக்கு அண்மையில் புதுச்சேரியில் பிரஞ்சுக்காரர் 1826-இல் தாவரவியல் பூங்கா அமைத்தனர். பெரோத்தே என்னும் தாவர அறிஞர் அங்குப் பணியாற்றிப் புதுச்சேரியிலேயே 1870-இல் காலமானார். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தோன்றியது. உதகமண்டலத்தில் 1848-இல் மக்கைவர் என்னும் தோட்டக்கலைஞர் வந்து இப்போதைய தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். 1896-இல் அங்கு மலர்க்காட்சி தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் கோடையில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் படிப்படியாக அடுக்கப்பட்டுக் காட்சி தருகின்றன. அவற்றுள் பெரும்பகுதி நான் கூறும் ஒருபருவப் பூச்செடிகளே.

ஒரு நாள் சென்று கண்டு மகிழும் அக்காட்சிக்குப் பின்னால் எத்தனை திங்கள் உழைப்பு இருக்கிறது தெரியுமா? மே மாதத்தில் பூக்கவேண்டுமெனில் பனிக்காலத்திலேயே விதைத்து நாற்றுவிட வேண்டும். உறைபனியில் நாற்று கருகாதிருக்கக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளால் அவற்றை மூடிக் காப்பர். பிறகு தொட்டிகளுக்கு மாற்றுவர். செடி அறிந்த நாட்கணக்கைத் தோட்டத் தொழிலாளரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் காட்சி நாளில் மொட்டு மட்டுமே இருக்கும். அல்லது பூ உதிர்ந்திருக்கும்.

செடி நாளை எவ்வாறு அறிகிறது? இதற்கு விடை கிடைத்ததும் ஓர் இருட்டறையில்தான். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர், புகையிலையின் ஒரு வகை கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவதையும், குளிர்காலத்தில் கண்ணாடி மனையில் பூப்பதையும் கண்டு வியந்தனர். அவர்கள் செடிகளைத் தொட்டியோடும் பெட்டியோடும் தூக்கி, மாலைக்கு முன்னரே ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, பகலின் நீளத்தைக் குறைத்துப் பார்த்தனர். செடி பூத்தது. செடிகள் பகலிரவின் நீளத்தைக் கொண்டே பருவத்தை அறிகின்றன என்னும் உண்மையை 1920-இல் அவர்கள் வெளியிட்டனர். ஆகவே ஒளி செடிக்கு உணவு ஆக்கித் தருவதோடு, நாட்காட்டியாகவும் அமைகிறது.

ஒளியின் அளவைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவினது. விளக்கேற்றிய நல்ல வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் படிக்கப் போதும் என்பர். இருநூறில் ஒரு பங்கு! ஆனால் நம் கண்ணுக்கு அவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை. கண் ஒளிக்கேற்பத் தன்னைத் தகவமைத்து ஈடுசெய்துவிடுகிறது. எனவே, ஓர் அறையில் ஒளி போதுமா என்று கேட்டால் கண் சரியான விடை கூறாது. செடி பொய் சொல்லாது. போதாவிடில் அதன் தண்டு நீளும், கணுக்கள் அகலும், இலை வெளிறும், மொட்டு வராது.

இந்த உண்மை வகுப்பறைக்குப் பயன்பட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் ஆசிரியராக இருந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், ஓடு வேய்ந்த நீண்ட வகுப்பறை இருந்தது. சன்னல்கள் ஒரு பக்கம் மட்டுமே. சுவரோர வரிசையில் அமர்ந்த பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கத் திணறுவர். கண் கெட்டவர், கவனம் இல்லாதவர் என்று பெயர் வாங்குவர். அறைக்கு ஒளி போதாது என்று சொன்னால், பகலில் வெளிச்சத்திற்கு என்ன குறை என்பதே மறுமொழி. ஓர் ஆண்டு அறிவியல் பாடத்திற்காகக் காசித்தும்பை விதைகளை மூன்று தொட்டிகளில் விதைத்தோம். ஒன்றை வெளித் தாழ்வாரத்தில் வைத்தோம்; ஒன்றைச் சன்னலில் வைத்தோம்; மூன்றாவதைச் சுவரோர வரிசையில் ஒரு பெஞ்சின்மேல் வைத்தோம். ஒரே மண், ஒரே அளவு நீர். திங்கள்கிழமைதோறும் மாணவர்களே உயரத்தை அளந்து குறித்தனர்.

முதல் வாரத்தில் மூன்றும் ஒன்றாகவே முளைத்தன. மூன்றாம் வாரத்தில் சுவரோரச் செடியே மிக உயர்ந்து நின்றது. அதுவே நன்றாக வளர்கிறது என்று பிள்ளைகள் கைதட்டினர். ஐந்தாம் வாரத்தில் அது நிற்க இயலாமல் சன்னல் பக்கம் சாய்ந்தது. இரண்டு மாதம் ஆனபோது தாழ்வாரத்துச் செடி நிறையப் பூத்தது; சன்னல் செடி சில பூக்களை ஈன்றது; சுவரோரச் செடி ஒரு மொட்டும் காணாமல் மடிந்தது. அம்மூன்று தொட்டிகளையும் பிள்ளைகள் எழுதிய அளவுக் குறிப்பையும் ஊர்ப் பெரியவர்கள் கூடிய பெற்றோர் கூட்டத்தில் வரிசையாக வைத்தோம். ஒருவரும் நெடுநேரம் பேசவில்லை. சுவரோர வரிசையில் தம் மகள் அமர்ந்திருந்த ஓர் உழவர் எழுந்து, "செடிக்கே போதலைன்னா எம் பொண்ணுக்கு எப்படிங்க ஐயா போதும்?" என்று கேட்டார். அடுத்த வாரத்தில் நான்கு கண்ணாடி ஓடுகள் வந்தன. கொத்தனார் ஒருவர் கூலி வாங்காமல் அவற்றைச் சுவரோர வரிசைக்கு மேலே பதித்துக் கொடுத்தார். ஓராண்டாக நாங்கள் சொல்லி நடவாததைச் செடி சொல்லி நடந்தது.

மாணவர்களே! இதனால்தான் பூந்தொட்டியை வெறும் அலங்காரப் பொருளாக எண்ணவேண்டா என்கிறேன். அது ஒளியின் அளவுகோல்.

மனிதன் இக்காலத்தில் ஞாயிறு நேரே புகாத இடத்திலும் பூவை மலரச் செய்திருக்கிறான். 1982-இல் சோவியத்து நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்தில், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிசு என்னும் மிகச் சிறிய ஒருபருவச் செடி பூத்து விதையும் ஈன்றது. பின்னர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சீனியாவை வளர்த்தனர். சிவப்பு, நீலம், பச்சை நிற விளக்குகளே அதற்கு ஞாயிறு. 2015 டிசம்பரில் ஈரம் மிகுந்து அச்செடிகளில் பூஞ்சணம் படர்ந்தது. தரையிலிருந்து வரும் நீர்ப்பாய்ச்சும் அட்டவணையைப் பின்பற்றுவதைவிடச் செடியைப் பார்த்து நீர்விடுவதே தகும் என்று விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி பொறுப்பேற்றார். 2016 சனவரியில் செம்மஞ்சள் நிறத்தில் பூ மலர்ந்தது. விண்வெளியின் முதல் பூ இதுவே என்று அப்போது பலர் எழுதினர். அது சரியன்று என்பது மேலே சொன்ன 1982-ஆம் ஆண்டு நிகழ்ச்சியால் உங்களுக்கு விளங்கும். ஆயினும் கண்ணை ஆராய்ந்த ஓர் ஆசிரியரின் பெயர் தாங்கிய பூ, விளக்கொளியை மட்டுமே உண்டு, உலகுக்கு மேலே மலர்ந்தது நினைந்து மகிழத்தக்கதே.

நம் ஊர்களுக்குத் திரும்புவோம். முற்றம் வைத்த வீடுகள் அருகிவருகின்றன. மனை சிறுத்தது, மாடிமேல் மாடி எழுந்தது, அடுத்த வீட்டுச் சுவர் நம் சன்னலை மறைத்தது. குடிசைகள் காரை வீடுகளாயின, அது நன்றே. ஆனால் அவ்வீடுகளிலும் பட்டப்பகலில் விளக்கெரியும் அறைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அன்று இங்கிலாந்தில் வரிக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தனர். நாமோ ஒரு வரியும் இல்லாமலே ஒளியை அடைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டில் நீங்களே ஒரு செடி வளர்த்துப் பாருங்கள். செலவு மிகுதியில்லை. அடியில் துளையுள்ள மண்தொட்டி ஒன்று எடுத்து, துளைமேல் ஓர் ஓட்டுச்சில்லை வையுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். காசித்தும்பை, குட்டையான செண்டுமல்லி, சீனியா ஆகியவற்றுள் ஒன்றை விதையுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்தபின் விதைத்தால் தை, மாசியில் பூக்கும். அப்பருவத்தில் ஞாயிறு தென்புறமாகச் செல்வதால் தெற்குச் சன்னலில் வெயில் விழும். சித்திரை நடுவிலிருந்து ஆடி வரை எங்கள் மயிலம் போன்ற ஊர்களில் நண்பகல் ஞாயிறு வடபுறமாகச் சாய்ந்து நிற்கும். அப்போது தெற்குச் சன்னலினும் வடக்குச் சன்னலே மேல். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடத் தொட்டியைத் தூக்கி இடம் மாற்றி அறிவது நல்லது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்.

செடி பூத்தால் மகிழுங்கள். விதை எடுத்து அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். ஒருபருவச் செடியின் வாழ்வு அவ்வளவே. அது மடிவதற்கு வருந்தவேண்டா. ஆனால் பூக்காமலே அது மடிந்தால், செடியைக் குறைகூறாதீர்கள். அது நின்ற இடத்தில் யார் அமர்ந்து படிக்கிறார்கள், எந்தப் பாட்டி நாள் முழுதும் படுத்திருக்கிறார், எந்தத் தாய் அங்கே சமைக்கிறார் என்று பாருங்கள். பெரியவர்களிடம் சொல்லி அந்த அறைக்கு ஒரு சன்னலைத் திறக்கச் செய்யுங்கள். இயலாவிடில் ஒரு கண்ணாடி ஓட்டையேனும் வைக்கச் செய்யுங்கள். நாளை உங்களுள் சிலர் வீடு கட்டும் பொறியாளர் ஆவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் மன்றங்களில் அமர்வீர்கள். வீட்டின் படத்தை வரையும்போதும், வீட்டு விதிகளை எழுதும்போதும், 'இந்த அறையில் ஒரு காசித்தும்பை பூக்குமா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.